கழுவிக் கொடுத்த தட்டு

தட்டு அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. கழுவி, துணியால் துடைத்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல். கதவைத் திறந்தது நான்தான். கீழ்வீட்டுப் பாட்டி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெர்மனில் நன்றி சொன்னார், பண்டிகை வாழ்த்துச் சொன்னார், மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கிப் போனார். நான் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் தட்டு. 2023 டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் எங்களுக்கு அது முதல் கிறிஸ்துமஸ்.

வெறும் தட்டு என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுத்துவிடும் பலகாரம், அடுத்த தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசமாகத் திரும்பி வரும். அது பெரிய கணக்கு. அன்றைக்கே தட்டு திரும்பும்போது அதில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது சின்னக் கணக்கு. இரண்டு வாழைப்பழம், நாலு வெற்றிலை, ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கரண்டி சீனி. சீனித் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளை வழியிலேயே பாதியை நக்கிவிடும், அது வேறு விஷயம். தட்டு வெறுமனே வந்தால், "என்ன கோவமோ தெரியலையே" என்று அம்மா இரண்டு நாள் யோசிப்பாள். நான் அம்மா பிள்ளை. இரண்டு நாளில் எனக்கு நிற்கவில்லை, ஒரு வருடம் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமையில் ஞாயிறு

டிரெஸ்டனுக்கு முன்னால் பதினோரு வருடம் குவைத்தில் இருந்தேன். குழாய்களில் வெல்டிங் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் க்யூசி வேலை. அங்கே எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டும். ஞாயிறு வேலை நாள். அதனால் எங்கள் ஞாயிறு ஆராதனை வெள்ளிக்கிழமை நடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் "இந்த ஓய்வுநாளுக்காக ஸ்தோத்திரம்" என்று ஜெபம் ஆரம்பிக்கும்போது முதல் வருடம் சிரிப்பு வந்தது. அப்புறம் பழகிவிட்டது. கிறிஸ்துமஸ் வேறு எந்தக் கிழமையில் வந்தாலும் டியூட்டி உண்டு. நான் அங்கே கழித்த பதினோரு கிறிஸ்துமஸில் 25ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது 2015இலும் 2020இலும் மட்டும்தான். 2020இல் கொரோனா, அறையில் உட்கார்ந்து செல்போனில் ஆராதனை. ஆக, புதுச்சட்டை போட்டு, வேலைக்குப் போகாமல், நேரே கோயிலுக்குப் போன கிறிஸ்துமஸ் பதினோரு வருடத்தில் ஒன்றே ஒன்று.

எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம், போதகரை ஐயர் என்போம். குவைத்தில் எங்கள் கோயில், நகரத்தின் நடுவில் இருக்கும் தேசிய சுவிசேஷ திருச்சபை வளாகம். ஒரே மதில் சுவருக்குள் அரபு, ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு, தமிழ், உருது, கொரியன் என்று எத்தனையோ சபைகள். ஒவ்வொன்றுக்கும் ஹாலும் நேரமும் குறித்துக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் கடைசிப் பாட்டைப் பாடும்போதே அடுத்த மொழிக்காரர்கள் கிட்டாரோடு வாசலில் நிற்பார்கள். பாட்டை இழுத்துப் பாடினால் அவர்கள் முகம் மாறும். அந்த வளாகத்தின் அரபு சபைக்குப் போதகராக 1999இல் பொறுப்பேற்றவர் இம்மானுவேல் கரீப், அசல் குவைத்தியர். குவைத்திலேயே பிறந்து வளர்ந்த ஐயர் ஒருவர் இருக்கிறார் என்று ஊரில் போய்ச் சொன்னால் "சும்மா கதை விடாத" என்பார்கள்.

பலகாரத்துக்கு அங்கே பஞ்சமே வந்ததில்லை. டிசம்பர் பிறந்தால் ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று விசாரணை தொடங்கிவிடும். அம்மா செய்யும் முந்திரிக்கொத்து இரண்டு பாலிதீன் உறைக்குள், அதற்கு மேல் தினத்தந்தி, அதற்கு மேல் பழைய துண்டு. இவ்வளவு சுற்றியும் பாதி நொறுங்கித்தான் வரும். எங்கள் அறையில் ஆறு பேர். இரண்டு மலையாளி, ஒரு ஆந்திராக்காரர், ஒரு காயல்பட்டினத்து பாய், மதுரைக்காரர் ஒருவர், நான். 25ஆம் தேதி டியூட்டி முடித்து பஸ் பிடித்து ராத்திரி ஆராதனைக்குப் போய்விட்டு நான் திரும்புவதற்குள் பாய் நெய்ச்சோறு ஆக்கி வைத்திருப்பார். முந்திரிக்கொத்தின் நொறுங்கலைத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைப்பேன். அடுத்த நிமிடம் அந்தத் தட்டில் பேரீச்சம்பழம் வந்து உட்காரும். "தட்ட வெறுசா தரப்படாதுலா, உங்க அம்மா ஏசுவாங்க" என்பார். எகிப்துக்காரர் ஒருவர் எங்கள் ஃபோர்மேன், காப்டிக் கிறிஸ்தவர். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. எனக்குக் கை கொடுத்துவிட்டு, "எனக்கு இன்னும் பதிமூணு நாள் பாக்கி, அதுவரை என்னை வேலை வாங்கவிடு" என்பார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கிறிஸ்தவர்கள் குறைவாக இருக்கும் நாட்டில், லீவு கிடைக்காத வேலையில், ஆறு பேர் படுக்கும் அறையில் எனக்குக் கிறிஸ்துமஸ் குறையாகத் தோன்றியதே இல்லை. ஜெர்மனியில் வேலை கிடைத்ததும் குவைத்து நண்பர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: "இனி உமக்கு என்னவே, கிறிஸ்துமஸ் ஊருக்கே போறீரு."

கடை மூடிய ஊர்

கிறிஸ்துமஸ் ஊர்தான், அதில் பொய் இல்லை. டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் என்ற கிறிஸ்துமஸ் சந்தை 1434இலிருந்து கூடுகிறது. ஸ்டோலன் என்ற பண்டிகை ரொட்டி இந்த ஊர் பெயரைச் சொல்லியே உலகம் முழுக்க விற்கிறது. வெண்ணெய், உலர்ந்த திராட்சை, பாதாம் எல்லாம் போட்டு, மேலே சீனிப்பொடியை அப்பி, துணியில் சுற்றிய பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அதில் வெண்ணெய் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் உபவாச காலம் என்பதால் எண்ணெயில் சுட்ட வறட்டு ரொட்டிதான். 1491இல் போப் எட்டாம் இன்னொசென்ட் கடிதம் எழுதி அனுமதி கொடுத்த பிறகே வெண்ணெய் சேர்ந்தது. வெண்ணெய்க்கே ஒரு போப் கடிதம் எழுத வேண்டியிருந்த ஊர் இது.

ஊர் வந்து சேர்ந்த மாதம் விலாசம் பதிவு செய்யப் போனேன். படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கேள்வி. பெருமையாக புராட்டஸ்டன்ட் என்று எழுதினேன். அடுத்த சம்பளச் சீட்டில் சபை வரி என்று ஒரு பிடித்தம், வருமான வரியில் 9 சதவீதம். அம்மாவிடம் சொன்னபோது அவள் அசந்துபோனாள். "சங்கக் காணிக்கைய கவர்மெண்டே பிடிச்சிக் குடுக்கா? நம்ம ஐயருக்குத் தெரிஞ்சா சந்தோசப்படுவாரே." வேலையிடத்தில் என் பக்கத்து மேசைக்காரர், டிசம்பர் முதல் தேதியே மேசையில் மரப் பொம்மை, மெழுகுவர்த்தி எல்லாம் வைத்தவர், எந்தச் சபையிலும் இல்லை. அவர் அப்பாவும் இல்லை. கிழக்கு ஜெர்மனியில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். "கடவுள் இல்லை, ஆனால் கிறிஸ்துமஸ் உண்டு" என்றார். நம்மூர்ப் பகுத்தறிவாளர் பொங்கல் கொண்டாடுவது போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொரு சன்னலிலும் வளைவு வளைவாக விளக்கு. நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும். சரி, இந்த அமர்க்களம் 24ஆம் தேதி ராத்திரி உச்சத்துக்குப் போகும், தெருவெல்லாம் சனம் நிற்கும் என்று நான் நினைத்தேன். இங்கேதான் ஏமாந்தேன். 24 மதியத்தோடு சந்தை முடிந்தது. அந்த வருடம் 24 ஞாயிற்றுக்கிழமை வேறு. அன்றைக்கும் அடுத்த இரண்டு பண்டிகை நாளும் சேர்ந்து மூன்று நாள் கடை இல்லை என்பது எனக்கு உறைத்தபோது வீட்டில் பால் அரை லிட்டர் இருந்தது. மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் காப்பாற்றியது. அங்கே வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். சிரியாக்காரர்கள், வியட்நாம்காரர்கள், நம்மவர்கள் நாலைந்து பேர். பாலும் முட்டையும் வாங்க நின்ற அந்தக் கூட்டம்தான் அன்றைக்கு நான் பார்த்த ஒரே கிறிஸ்துமஸ் கூட்டம்.

பகல் மூன்று மணி ஆராதனையில் கோயில் நிரம்பி வழிந்தது, பிள்ளைகள் நாடகம் போட்டார்கள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முடிந்த கையோடு அத்தனை பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உருளைக்கிழங்கு சாலட், அவித்த சாசேஜ், குடும்பத்துக்குள் பரிசு. அவ்வளவுதான். தெருவில் டிராம் மட்டும் காலியாக ஓடியது. மறுநாள் 25 காலையில் பட்டுச் சேலையும் புதுச்சட்டையுமாகப் பத்து மணி ஆராதனைக்குப் போனோம். முப்பது பேர் இருந்தால் அதிகம். ஊரில் 25 காலை நாலு மணி ஆராதனைக்கு இடம் பிடிக்க மூன்று மணிக்கே ஆள் அனுப்பும் எங்களுக்கு, கல் தூண்களுக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் ஒரு வரிசையை முழுசாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அச்சு முறுக்கு

தட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொருட்களில் அச்சு முறுக்கு அச்சும் ஒன்று. நீளக் கம்பியின் நுனியில் பித்தளைப் பூ. அரிசி மாவுக்கு வியட்நாம்காரர் கடைக்குப் போனோம். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் ஒப்பந்த வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் இந்த ஊரில் நிறைய. மாவுப் பாக்கெட் இரண்டு வகை, ஒன்றில் சிவப்பு எழுத்து, ஒன்றில் பச்சை. பச்சை அழகாக இருக்கிறது என்று அதை எடுத்து வந்தேன். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள் எல்லாம் போட்டுக் கரைத்து, அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் அளவு முக்கி எண்ணெயில் விட்டாள். பூ அச்சை விட்டு இறங்கவே இல்லை. உதறினாள், கத்தி முனையால் நெம்பினாள், பசை மாதிரி இழுத்தது. அப்புறம்தான் தெரிந்தது, பச்சை எழுத்து ஒட்டரிசி மாவு. சிவப்புதான் நமக்கு. மறுபடி போய் சிவப்பு வாங்கி வந்து ஆரம்பித்தபோது எண்ணெய்ப் புகைக்கு நடைக் கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று முறத்துக்குப் பதிலாகத் தலையணையால் விசிறினாள். எப்படியோ எழுபது பூ தேறியது.

தட்டுகளை எடுத்து அவள் அடுக்க ஆரம்பித்ததும் சண்டை வந்தது. "இங்க 24 சாயங்காலம் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாதுட்டி, குடும்ப நேரம்" என்றேன். "பலகாரம் குடுக்கதுக்கு நேரம் காலம் பாப்பாங்களாக்கும்?" என்றாள். சரி, கொடுப்பதென்றால் காகிதத் தட்டில் கொடு, திருப்பித் தரும் தொல்லை அவர்களுக்கு வேண்டாம் என்றேன். "என்ன பேசுதீங்க? பேப்பர் தட்டுல குடுக்க இது என்ன கட்சிக் கூட்டமா?" எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. மூன்று கதவுதான் திறந்தது. ஒரு பையன், கடலை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு டப்பாவில் வாங்கிக்கொண்டான். ஒருவர் வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். எவர்சில்வர் தட்டோடு உள்ளே போனது கீழ்வீட்டுப் பாட்டி மட்டும். அந்தத் தட்டுதான் வெறுமனே திரும்பியது.

மனைவிக்கு அது பெரிதாகப் படவில்லை. "எவ்வளவு சுத்தமாக் கழுவியிருக்காங்க பாருங்க" என்று அடுக்கில் வைத்துவிட்டாள். எனக்குத்தான் வெல்டிங்கில் ஓட்டை தேடிப் பழகிய கண். வாங்கிக்கொண்டார், உடனே திருப்பிவிட்டார், இனிமேல் வராதே என்று அர்த்தம். அல்லது தின்னாமல் குப்பையில் போட்டிருப்பார். அரை மணி நேரத்தில் யார் பத்து அச்சு முறுக்கைத் தின்று முடிப்பார்? வேறு பாத்திரத்தில் மாற்றி வைத்திருக்கலாம் என்ற சாதாரண விஷயம் அப்போது தோன்றவில்லை. அதற்குப் பிறகு படியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்லிவிட்டு வேகமாக ஏறிவிடுவேன்.

இடையில் ஒரு சனிக்கிழமை புல்ஸ்னிட்ஸ் போய்வந்தோம். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த பெயர்: சீகன்பால்கு பிறந்த ஊர், 1682. 1706 ஜூலை 9 தரங்கம்பாடியில் இறங்கியவர், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். நம்மூர்க் கோயில்களில் அவர் பெயர் தெரியாத ஆள் கிடையாது. புல்ஸ்னிட்ஸில் தெருவுக்குத் தெரு இருப்பது மசாலா ரொட்டிக் கடைகள், ஃபெஃபர்குகன் என்று. பெயரில் மிளகு, உள்ளே இஞ்சி, கிராம்பு, பட்டை. தூர தேசத்துச் சரக்கு எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் மிளகு என்றே சொல்லிவிட்டார்கள். நான் அந்த ரொட்டியைத் தின்றபடி வெளிநாட்டில் அவர் கழித்த கிறிஸ்துமஸ்களை எண்ணிப் பார்த்தேன். 1705இல் நடுக்கடலில், கப்பலில். 1706இலும் 1707இலும் தரங்கம்பாடியில். 1708இல் சிறையில். டேனிஷ் தளபதியோடு மோதலாகி அந்த நவம்பரில் உள்ளே தள்ளப்பட்டவர் அடுத்த மார்ச்சில்தான் வெளியே வந்தார். என் வெறும் தட்டு கொஞ்சம் சிறிதாகத் தெரிந்தது என்னவோ உண்மை. ஆனால் போகவில்லை.

தகரத்தில் ஒரு பெயர்

2024 டிசம்பரில் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இந்த வருடம் யாருக்கும் எதுவும் வேண்டாம் என்று. மனைவி சரி என்றாள். 23ஆம் தேதி நான் வேலையிலிருந்து வரும்போது, கீழ்வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே என் மனைவியும் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேசை நடுவில் அதே தட்டு, அதே அச்சு முறுக்கு. என்னையும் உள்ளே கூப்பிட்டார் பாட்டி. போகாமல் இருக்க முடியவில்லை.

பாட்டி தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்து, என் மாமியார் பெயரும் கல்யாணத் தேதியும். இது என்ன அலங்காரம் என்று கேட்டார். என் மகள்தான் ஜெர்மனில் சொன்னாள். பெயர். பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் போகும்போது தட்டு மாறிவிடாமல் இருக்க, பாத்திரக் கடையிலேயே வெட்டித் தருவார்கள். பாட்டி அதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, எழுந்து போய் இழுப்பறையைத் துழாவி ஒரு சின்னத் தகரத் துண்டைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தீப்பெட்டி நீளம். அதிலும் எழுத்து, ஓரம் துருப்பிடித்திருந்தது. அவர் அம்மாவின் குடும்பப் பெயர்.

ஸ்டோலன் சுடும் அளவுக்கு அந்தக் காலத்து வீட்டு அடுப்பு போதாது. மாவும் வெண்ணெயும் திராட்சையும் வீட்டிலிருந்து கொண்டுபோய்த் தெரு பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவார்களாம். ஐம்பது வீட்டு ஸ்டோலன் ஒரே அடுப்பில். மாறிவிடாமல் இருக்க அவரவர் பெயர் பொறித்த தகரத்தை மாவில் குத்திவிடுவது வழக்கம். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரலே மாறிவிட்டது. அப்புறம் திராட்சை எங்கிருந்து வந்தது என்ற கதை. கிழக்கு ஜெர்மனியில் பாதாமும் திராட்சையும் ஆரஞ்சுத் தோல் மிட்டாயும் லேசில் கிடைக்காது. பச்சைத் தக்காளியையும் கேரட்டையும் சீனிப்பாகில் ஊறவைத்து அதற்குப் பதிலாக விற்றார்கள். உண்மையான சரக்கு வருவது மேற்கில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து, தபால் பொட்டலமாக. பாட்டிக்கு ஹனோவரில் ஒரு சித்தி. பொட்டலத்தின் மேல் "பரிசுப் பொட்டலம், வணிகச் சரக்கு அல்ல" என்று கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். உள்ளே காபி, சாக்லேட், திராட்சை, பாதாம், சித்தி மகள் போட்டு விட்ட கம்பளிச் சட்டை. பிரித்தால் வீடே மணக்குமாம். குவைத்திலிருந்து நான் கொண்டுபோகும் பெட்டியைப் பிரிக்கும்போது எங்கள் வீட்டில் கிளம்பும் சோப்பும் பால்பவுடரும் கலந்த வாசனை எனக்கு மூக்கில் வந்தது.

"அம்மா அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டாள்" என்றார் பாட்டி. சந்தோஷத்தில் என்று நான் நினைத்தேன். இல்லையாம். திருப்பி என்ன அனுப்புவது? அவர்களிடம் எல்லாம் இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது? கடைசியில் அந்தத் திராட்சையைப் போட்டே ஸ்டோலன் சுட்டு, அதில் நல்லதாக ஒன்றைச் சித்திக்கு அனுப்புவார்கள். அனுப்பியதும் அடுத்த பொட்டலம் முன்னைவிடப் பெரிதாக வரும். அதற்கு மறுபடி என்ன செய்வது? இருபது முப்பது வருடம் இப்படியே. சித்தி நல்லவள்தான், ஒரு வார்த்தை சொன்னதில்லை, அம்மாவுக்குத்தான் நெஞ்சில் கல் மாதிரி இருந்தது என்றார்.

அப்போது என் மனைவி, எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், போன வருடத்துத் தட்டைப் பற்றிப் பட்டென்று கேட்டுவிட்டாள். எங்கள் ஊரில் வெறும் தட்டாகத் தர மாட்டார்கள், இங்கே எப்படி என்று. நான் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிக்கு முகம் சிவந்துபோனது. யோசித்து யோசித்துச் சொன்னார். அன்றைக்கு அவர் மேசையில் ஸ்டோலன் இருந்தது. ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தும்விட்டார். அப்புறம் எடுத்துவிட்டார். "நீங்கள் புதிதாக வந்தவர்கள். பெட்டியெல்லாம் இன்னும் நடையில் கிடந்தது. நான் ஒன்று வைத்தால் நீங்கள் மறுபடி ஒன்று தர வேண்டியிருக்கும். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தட்டு வெறுமையாக வந்தால் கோபம் என்று ஒரே ஒரு அர்த்தத்தோடு நாற்பத்திரண்டு வயது வரை வந்துவிட்டேன்.

வாழை இலை

அன்று ராத்திரி படுக்கையில் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தெருக் கோடியில் ஒரு வீடு. புருஷன் பனையேறும்போது விழுந்து இறந்தவர், அந்த அக்கா பெட்டி முடைந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுக்கும் தட்டில் பலகாரம் போகும். அந்த வீட்டுக்கு மட்டும் வாழை இலையில் பொதிந்து நூல் கட்டி அம்மா கொடுத்துவிடுவாள். பொட்டலத்தைக் கொண்டு போகும் பிள்ளை நான். பத்து வயதில் ஒன்றும் தோன்றவில்லை. கல்லூரிக்குப் போய், யார் யாருக்கு இலையில் கொடுப்பார்கள், யாருக்குத் தட்டில் கொடுப்பார்கள் என்பதெல்லாம் புரிந்த பிறகு, அந்த இலைப் பொட்டலம் என்னை உறுத்த ஆரம்பித்தது. நம் வீட்டிலுமா என்று. அம்மாவிடம் கேட்கத் தைரியம் இல்லை. கேட்காமலே ஒரு பதிலை முடிவு செய்து வைத்திருந்தேன்.

மறுநாள், கிறிஸ்துமஸ் ஈவ், போன் செய்தேன். அம்மா எடுத்த எடுப்பில் "ஏய்யா, கோயிலுக்குப் போனியா?" என்றாள். இன்னும் இல்லை, சாயங்காலம்தான் என்றேன். அப்புறம் இலைப் பொட்டலத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"தட்டுல குடுத்தா அவ என்னத்தப் போட்டுத் திருப்பித் தருவா? ஒரு வருசம் தட்டுல குடுத்துவிட்டேன். மறுநாளு வரைக்கும் தட்டு வரல. பொறவு பாத்தா கடையில கடன் சொல்லிச் சீனி வாங்கிப் போட்டு அனுப்பியிருக்கா. அதுக்குப் பொறவுதான் எலையில."

நம்பினேன். முழுசாக நம்பினேனா என்றால், முக்கால்வாசி. அம்மாவும் அந்தத் தெருவில் வளர்ந்தவள்தான், அந்தத் தெருவுக்கு என்று சில வழக்கங்கள் இருந்தன, அவள் எல்லாவற்றையும் தாண்டியவள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடன் சொல்லி வாங்கிய சீனியை அவள் இட்டுக்கட்டியிருக்க முடியாது. அதை அவள் சொன்ன விதத்தில் இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. பாட்டி ஸ்டோலன் துண்டைத் தட்டில் வைத்து எடுத்ததும், அம்மா தட்டை இலையாக மாற்றியதும் ஒரே வேலைதான் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் வெறும் தட்டு கையில் வந்தால் வயிற்றில் ஒன்று இறங்குவது நிற்காது. அது நிற்கும் என்று இப்போது எதிர்பார்க்கவும் இல்லை.

போன டிசம்பரில், 2025இல், மறுபடி சிவப்பு எழுத்து மாவு, மறுபடி அலாரம். இந்த முறை தட்டை எடுத்துக்கொண்டு இறங்கியது நான். பாட்டி வாங்கிக்கொண்டு, உட்காரச் சொல்லி, ஸ்டோலன் வெட்டினார். அங்கேயே தின்ன வைத்தார், கையில் எதுவும் கொடுத்துவிடவில்லை. தட்டு அரை மணியில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஜனவரி பிறந்து, தெருவில் கிறிஸ்துமஸ் மரங்களைக் கொண்டுவந்து போட்டு, அதை எடுத்துப்போக வண்டியும் வந்துவிட்டது. தட்டு வரவில்லை.

நேற்று குப்பை போடப் போகும்போது முற்றத்திலிருந்து அவர் சமையலறைச் சன்னலைப் பார்த்தேன். விளக்கு வளைவு இன்னும் எரிகிறது. அதற்குப் பக்கத்தில் புகைக்குழாய் பிடிக்கும் மரப் பொம்மை ஒன்று, உள்ளே சாம்பிராணிக் கூம்பு வைத்தால் வாய் வழியாகப் புகை விடும். அதன் சாம்பல் சன்னல் கட்டையில் விழாமல் இருக்க அடியில் எங்கள் தட்டு. என் மாமியார் பெயர் தெருப் பக்கம் திரும்பியிருக்கிறது. மனைவியிடம் வந்து சொன்னேன். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் பிப்ரவரி 2 வரைக்கும் அலங்காரத்தை எடுக்க மாட்டார்களாம், மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்திருக்கிறாள். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.